ஆடக்கூடாத வண்டி

என் மகளைக் கட்டிக்கொண்டவர் பேக்டரிக்காரர். மண்வாரி இயந்திரங்கள் செய்கிற பெரிய பேக்டரியில் வேலை. அவர் குடும்பம் திருச்சிப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்காக எங்கள் தங்கவயலுக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியது. நாங்கள் சுரங்கத்துக்காரர்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். அவர் 'என்ன' என்பார், நாங்கள் 'இன்னா' என்போம். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வார். "மாப்ள பேசினா ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரி கீது" என்பார்.

மருமகன் வந்தால் நான் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டேன். தட்டைக்கூட மகளிடம்தான் கொடுத்தனுப்புவேன். அவர் முகம் பார்த்துப் பேசியது கிடையாது. கேட்பதற்கு ஏதாவது இருந்தால் சுவரைப் பார்த்துக் கேட்பேன். அவரும் அதற்குப் பழகிவிட்டார். அதனால் அந்த வண்டி விஷயம் முழுவதையும் கதவிடுக்கு வழியாகத்தான் முதலில் பார்த்தேன்.

அது பெங்களூரில் யாரோ வேண்டாமென்று போட்ட ரிமோட் கார். மருமகன் அதன் மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய ரப்பர் சக்கரங்களும் வேறு பல்சக்கரங்களும் மாட்டியிருந்தார். வேகமாக ஓடாது. ஆமை மாதிரிதான் போகும். ஆனால் கல், மேடு, படி எதுவானாலும் பிடித்து ஏறும், அதற்காகவே செய்த வண்டி என்றார். பேக்டரியில் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் அம்மியின் மேல் ஏற்றி இறக்கிக் காட்டினார்.

மகள் உள்ளே வந்து, "எம்மா, உன் அம்மி மேல உன் மருமகன் லாரி ஓட்டுறாரு. இன்னிக்கி சட்னி ரப்பர் வாசனையாத்தான் இருக்கும் பாரு" என்றாள்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"மாப்ள, இது பாறை மேல ஏறுமா?"

அவர் எந்தப் பாறையைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

அந்தப் பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சுரங்கத்தில் ஆழம் போகப் போகப் பாறை தானாக வெடிக்கும். யாரும் வெடிமருந்து வைக்க வேண்டாம். மேலே இருக்கிற கனம் தாங்காமல் அதுவே வெடித்து உள்ளே விழும். அப்படி ஒன்றில் என் அண்ணன் போய்விட்டான். அவனும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிஃப்ட், பூமிக்குள் ஒரே லெவலில் வேலை. எனக்குக் கல்யாணம் ஆனதே அந்தச் சிநேகிதத்தினால்தான். அன்றைக்கு உயிரோடு மேலே வந்த ஆட்கள் ஒரு முடிவு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு மாசி அமாவாசைக்கும் கோரமண்டல் என்கிற லைன்களைத் தாண்டி இருக்கிற பாறை மேட்டின் உச்சியில் ஓர் அகல் விளக்கு வைப்பது. அங்கிருந்து பார்த்தால் ஷாஃப்டின் தலையில் இருக்கிற சக்கரம் தெரியும். விளக்கை வைக்கிற கை அன்றைக்குச் சுரங்கத்தின் கீழே இருந்த கையாக இருக்க வேண்டும். வேறு ஆள் வைக்கக் கூடாது. பெண்டுகள் போகும் வழக்கமில்லை. செத்தவன் என் அண்ணன்தான், ஆனாலும் நான் போனதில்லை. போக வேண்டும் என்று கேட்டதும் இல்லை.

அந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எல்லோருக்கும் நெஞ்சில் கல்தூசு. கடைசியில் என் வீட்டுக்காரர், இவர் ஒருவர்தான் மிச்சம். போன மாசியில் தனியாக ஏறிவிட்டு வந்தார். வாசலில் வந்து உட்கார்ந்தபோது உதடு நீலமாக இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார், காற்று உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரியில், இனிமேல் படி ஏறுவதுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் அந்த மேட்டுப் பக்கம் திரும்பாமலே உட்காருவார்.

மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பேசிப் பேசி மூச்சு வாங்கியது. மகள்தான் நடுவில் கேட்டாள்.

"நைனா, ரிமோட்டுல ஏத்தினா அது நீ ஏத்தினதா ஆவுமா?"

"கீழ நான் கொளுத்துறேன். அமுக்குறது என் கை. அப்பறம் இன்னா?"

"அப்ப எங்க கை இன்னா கை? நாங்க கொண்டுபோய் வெச்சிட்டு வர மாட்டமா?"

"நீங்க அன்னிக்கி கீழ இல்ல."



அதன்பிறகு எங்கள் வீடு ஸ்பிரிங் வீடாகிவிட்டது. வண்டியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஸ்பிரிங். இருந்தவை பழசாகி உட்கார்ந்துபோயிருந்தன, புதிதாகப் போட வேண்டும். முதலில் பேனா ஸ்பிரிங் போட்டார்கள். வீட்டில் எழுத ஒரு பேனா இல்லாமல் போனது. அது விளக்கின் பாரத்தைத் தாங்கவில்லை, வண்டி வயிற்றைத் தரையில் தேய்த்தது. டார்ச்சுக்குள் இருந்த ஸ்பிரிங்கை எடுத்தார்கள். அது கூம்பு மாதிரி இருக்கும், நிற்காமல் சரிந்தது. கடைசியில் மருமகன் எஃகுக் கம்பி வாங்கி வந்து, ஸ்குரூடிரைவர் தண்டின் மேல் சுற்றிச் சுற்றி அவரே செய்தார். கூடத்தில் பாயை விரித்து மாமனாரும் மருமகனும் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் தட்டு நிறைய ஸ்பிரிங்குகள். விரலால் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார்கள்.

"கம்பி மெல்லிசா இருந்தா இளகும் மாமா. தடிச்சா முறுக்கா நிக்கும். சுத்து அதிகமானாலும் இளகிடும்."

"அப்ப பாதியா வெட்டிட்டா?"

"இன்னும் விறைப்பாயிடும்."

"இன்னா மாப்ள கதை இது? பாதிய வெட்டினா பலம் ஏறுதா? எங்க சுரங்கத்துல பாதி ஆள வெட்டுனானுங்க, அங்க ஒண்ணும் ஏறலியே."

அப்போது சுரங்கத்தை ஒரேயடியாக மூடப்போகிறார்கள் என்று பேச்சு. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததும் இவருக்கு இருமல் வந்தது. நான் வெந்நீர் வைத்தேன்.

விளக்குக்குப் பதிலாக என் உருளைக்கிழங்குகளை ஏற்றிப் பார்த்தார்கள். அம்மி, குழவி, உடைந்த செங்கல் எல்லாவற்றையும் வாசலில் குவித்து ஒரு மேடு கட்டினார்கள். மருமகன் சொன்னது எனக்குக் கதவுக்குப் பின்னாலிருந்தே புரிந்தது. ஸ்பிரிங் இளக்கமாக இருந்தால் சக்கரம் கல்லின் பள்ளம் மேட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். நான்கும் கல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். விறைப்பாக இருந்தால் ஒரு சக்கரம் ஏறும்போது இன்னொன்று அந்தரத்தில் தொங்கிவிடும். ஆனால் ரொம்ப இளக்கினாலும் ஆபத்துதான். செங்குத்தாக ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் வந்துவிடும், பின்பக்கம் உட்கார்ந்து வண்டி மல்லாக்க விழும். அதனால் முன்னால் நல்ல இளக்கம், பின்னால் ஒரு படி கெட்டி. அதுதான் கணக்கு என்றார். அப்படிப் போட்ட அன்று உருளைக்கிழங்குகள் விழாமல் அம்மியைத் தாண்டின. மகள் கைதட்டினாள்.

இவருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"ஆடுது மாப்ள."

"ஆடணும் மாமா. ஆடினாத்தான் கல்ல விடாது."

"படகு மாதிரி ஆடுது பாருங்க. இப்பிடி ஆடற சாமான் எதுவும் மேல போய்ச் சேராது."

"சேரும் மாமா. இப்ப சேந்துச்சே."

இவர் ஷாஃப்ட் பிட்டராக இருந்தவர். ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்குப் பெயர் கேஜ். அது ஷாஃப்டுக்குள் ஆடாமல் போவதற்கு இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி வழிச்சட்டங்கள் இருக்கும். அவற்றை இறுக்குவதும் நேர் பார்ப்பதும் இவர் வேலை. எங்கள் வீட்டில் கட்டில் கால் ஆடாது, கதவு கீல் ஆடாது. ஆடுகிற பலகையில் உட்காரக்கூட மாட்டார். தொழில் புத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருமகனும் அப்படித்தான் நினைத்திருப்பார். இவர் விறைப்பான ஸ்பிரிங்குகளை எடுத்து எடுத்து நீட்டுவார், அவர் மரியாதையாக வாங்கித் தட்டிலேயே போடுவார்.

குழாயடியில் பக்கத்து லைன்காரி கேட்டாள். "இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரருக்கு வயசு திரும்புதாமே? பொம்ம காரு வெச்சிக்கினு விளையாடறாராம்? அடுத்தது இன்னா, பம்பரமா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் குடம் நிறையும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அமாவாசை அன்று மத்தியானத்துக்கு மேல் கிளம்பினோம். மருமகன் இவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து மெதுவாகப் பாறையின் அடிவாரம் வரைக்கும் கொண்டுபோனார். மகளும் நானும் நடந்து போனோம். இவருக்கு மாத்திரையும் வெந்நீரும் வேண்டும் என்பதால்தான் என்னை வரச் சொன்னார்கள். இல்லாவிட்டால் அன்றும் வீட்டில்தான் இருந்திருப்பேன்.

பாறையைக் கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. தூரத்திலிருந்து உருண்டையாகத் தெரியும். கிட்டத்தில் வெடிப்பும் படியும் சரிவுமாக ஒரு தென்னைமர உயரத்துக்கு நின்றது. இவர் போன வருஷம் இதில் எப்படித்தான் ஏறினாரோ.

வண்டியின் நடுவில் ஒரு தகர டப்பாவின் அடிப்பாகத்தைப் பொருத்தி, அதில் ஈர மணல் போட்டு அகலைப் பதித்திருந்தார்கள். காற்றுக்கு மறைப்பாக, அடி நறுக்கிய ஊறுகாய் பாட்டில் ஒன்று. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, திரியைக் கொளுத்தினார். ரிமோட் பெட்டியைக் கையில் வாங்கி அமுக்கினார்.

வண்டி ஆடாமல் ஏறியது. அதைப் பார்த்ததும் இவர் முகம் தெளிந்தது. மருமகன் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முதல் சரிவு போயிற்று. முதல் படியில் தடால் என்று ஒரு குதி. இரண்டாவது படியில் முன்சக்கரம் ஒன்று மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மறுபக்கம் பின்சக்கரம் கல்லைத் தொடவேயில்லை, சும்மா சுற்றியது. இவர் முன்னுக்கும் பின்னுக்கும் அமுக்கினார். வண்டி இருந்த இடத்திலேயே திடுக் திடுக்கென்று உதறியது. ஒவ்வொரு உதறலுக்கும் எண்ணெய் பாட்டிலின் உள்ளே தெறிப்பது கீழேயிருந்தே தெரிந்தது. பிறகு கொஞ்சம் புகை வந்தது. விளக்கு அணைந்துவிட்டது.

மருமகன் ஏறிப்போய் வண்டியை எடுத்து வந்தார். தலைகீழாகத் திருப்பி, சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். அமுங்கவில்லை.

"மாமா, இது நான் போட்ட ஸ்பிரிங் இல்லையே."

இவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"நான்தான் மாத்தினேன். காலைல நீங்க வர்றதுக்கு மின்னாடி."

"ஏன் மாமா? அத்தனை நாள் சோதிச்சுப் பாத்து..."

"ஆடறத பாத்துக்கினு இருக்க முடியாது மாப்ள. என்னால முடியாது."

மருமகனுக்குக் கோபம்தான். ஆனால் மரியாதைக்கு அடக்கிக்கொண்டு நின்றார். இவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்கண்ணன கேஜுல ஏத்தும்போது மூச்சி இருந்தது."

எங்களுக்குச் சொன்னது வேறு. பாறை விழுந்த இடத்திலேயே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் அன்று வீட்டுக்கு வந்து சொன்னார்கள். என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"படுக்க வெக்க இடமில்ல. கேஜு சின்னது. நான்தான் நிக்க வெச்சி கட்டிப் புடிச்சிக்கினேன். வெடிச்சதுல ஷாஃப்ட்ல வழிச்சட்டமெல்லாம் கோணிக்கிச்சி. மேல வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு இடி, அந்தப் பக்கம் ஒரு இடி. அவன் தலை என் தோள்ல மோதிக்கினே வந்தது. ஒவ்வொரு இடிக்கும் ஒரு சத்தம் போட்டான். அப்பறம் போடல. எந்த எடத்துல நிறுத்தினான்னு எனக்குத் தெரியல. மேல வந்து கதவ தொறந்தா, நான் பொணத்த புடிச்சிக்கினு நிக்கிறேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ஆடாம வந்திருந்தா இருந்திருப்பான்."

மகள் அவர் முதுகைத் தடவினாள். "அப்பிடி இல்ல நைனா, அப்பிடி இல்ல" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்தவர், இதைத் தனியாகச் சுமந்துகொண்டு கட்டில் காலையும் கதவு கீலையும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்தேன். அண்ணன் போட்ட அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்றும் நினைத்தேன். அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இந்த வருசத்தோட முடிஞ்சிது. கெளம்புங்க" என்று இவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"மாப்ள, பழைய ஸ்பிரிங்கையே போடுங்க" என்றது ஒரு குரல். என் குரல்தான். மருமகன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குனிய மறந்துபோயிற்று.

கழற்றிய ஸ்பிரிங்குகள் இவர் சட்டைப் பையிலேயே காகிதத்தில் மடித்துக் கிடந்தன. மருமகன் கேட்டு வாங்கினார். பாறையின் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினார். முன்னால் இளக்கம், பின்னால் ஒரு படி கெட்டி. மகள் சீசாவிலிருந்து எண்ணெய் ஊற்றித் திரியை மாற்றினாள். இவர் திரும்பவும் கொளுத்தினார். காற்றில் இரண்டு மூன்று குச்சிகள் வீணாயின.

வண்டி கிளம்பிய உடனே ஆடியது. ஒரு சக்கரம் ஏற, உடம்பு அந்தப் பக்கம் சாய, பாட்டிலும் கூடவே சாய்ந்தது. இவர் பெட்டியிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

"முடியல. நீங்க புடிங்க மாப்ள."

"நான் புடிச்சா அது ஆகாதே மாமா. நீங்கதானே சொன்னீங்க."

இவர் பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ சொல்லு" என்றார் என்னிடம். "நீ சொல்லு, நான் அமுக்கறேன்."

நான் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனால் அவருக்குக் காது மந்தம், சுரங்கத்துக்காரர் எல்லோருக்கும் அப்படித்தான். கத்தத்தான் வேண்டியிருந்தது.

"நேரா போங்க. நேரா. நிறுத்துங்க! சோத்துக்கை பக்கம் கொஞ்சம். இன்னும். போதும்."

இடதுகைப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தபோது, நாங்கள் வீட்டில் சொல்கிற சொல்லை மருமகன் எதிரில் சொல்ல வாய் வரவில்லை. "இந்தக் கை, இந்தக் கை பக்கம்" என்றேன்.

"எந்தக் கைமே? முதுகுல கண்ணா கீது எனக்கு?"

"கடிகாரம் கட்டற கை!" என்று மகள் கத்தினாள்.

அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். வண்டி திரும்பியது. முதலில் நின்றுபோன அந்தப் படியில் முன்பக்கம் மடங்கிக் கல்லின் மேல் படிந்தது, பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்து தள்ளியது. விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. "போங்க, போங்க, போங்க" என்றே சொன்னேன். ஆடி ஆடி ஏறிப்போய் உச்சியில் தட்டையாக இருக்கிற இடத்தில் நின்றது.

"சேந்துட்டுது" என்றேன்.

இவர் உடனே திரும்பவில்லை. முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தார்.

"எரியுதா?"

மேற்கு வெயில் பாட்டிலில் பட்டு எல்லாமே பளபளத்தது. சுடர் இருக்கிறதா இல்லையா, எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை.

"வெயில்ல தெரியலிங்க."

மருமகன் ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். இவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வண்டியை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு யாரும் மேலே போகக்கூடாது என்றார். நான் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். மாத்திரையை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"ரொம்ப ஆடிச்சா?"

"ஆடிச்சிங்க."

"உழல இல்ல?"

"உழல."

நாங்கள் வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

அடுத்த மாசி வரும் முன்னால் இவர் போய்விட்டார். சுரங்கத்தையும் அந்தச் சமயத்தில்தான் மூடினார்கள். மகள் ஒரு தடவை கேட்டாள், நாம் போய் வைத்துவிட்டு வரலாமா என்று. வேண்டாம் என்றேன். அன்றைக்குக் கீழே இருந்தவர்கள் யாரும் இல்லை, அது அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அமாவாசை அன்று வீட்டிலும் நான் தனியாக ஒன்றும் செய்வதில்லை.

முன்பெல்லாம் அண்ணனை நினைத்தால் படுத்திருக்கிற மாதிரிதான் தோன்றும். மாலை போட்டு வீட்டில் கிடத்தியிருந்ததைத்தான் நான் பார்த்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. இருட்டில் நிற்கிறான். இவர் தோளில் தலை இருக்கிறது. இரண்டு பேரும் மேலே வந்துகொண்டேயிருக்கிறார்கள்.